தொண்டை கட்டிய டீச்சர்களின் சார்பில் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. ஒரு திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்கத் தொடங்கினேன். ஏழாவது பெயருக்கு வரும்போது குரல் போய்விட்டது. வாய் அசைகிறது, காற்று வருகிறது, சத்தம் வரவில்லை. மீதிப் பெயர்களைக் கிசுகிசுப்பாகத்தான் வாசித்தேன். பிள்ளைகளும் அதே கிசுகிசுப்பில் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். 31 பிள்ளைகள், ஒருவர்கூடச் சத்தமாகச் சொல்லவில்லை. அன்று முழுக்க எங்கள் வகுப்பு அப்படியே நடந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அழுகை வந்தது.

அந்தக் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரு செல்போன் திரை வழியாகக் கிடைத்தது. மற்ற ஆசிரியர்களுக்கும் அது கிடைக்கும்படி உங்களால் செய்ய முடியும், அதற்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை உங்கள் கையிலேயே இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

குரல் ஒரே நாளில் போகவில்லை. இரண்டு வருடமாகவே கரகரப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை தொண்டை கட்டும், திங்கட்கிழமை சரியாகும். அப்புறம் திங்கட்கிழமையும் சரியாகவில்லை. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால், அதிமதுரம், சித்தரத்தை, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தொழிலில் தொண்டை கட்டுவதை யாரும் வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை. சாக்பீஸ் தூசி விரலில் ஒட்டுகிற மாதிரி அதுவும் வேலையோடு வருவது என்று விட்டுவிடுகிறோம். "பழகிடும் டீச்சர்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரின் குரலே கரகரவென்றுதான் இருக்கும்.

பக்கத்து ஊர் கிளினிக்கில் மூன்று முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். "ஒரு வாரம் பேசாதீங்க" என்றும் சொன்னார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒரு வாரம் பேசாமல் இருப்பது எப்படி? நான் லீவு போட்டால் ஹெச்.எம். சார் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அப்படியும் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பம் கொண்டுபோனேன். ஓர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் "தொண்டை கட்டுக்கெல்லாம் மெடிக்கல் லீவா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லக் குரல் இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஓர் ஈ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்து, திரையில் எனக்கும் காட்டினார். வெள்ளையாக இரண்டு பட்டைகள். இரண்டிலும் ஒரே இடத்தில், எதிரெதிராக, அரிசிக் குருணை அளவு மேடு. "மண்வெட்டி பிடிக்கிறவங்க உள்ளங்கையில காய் காய்க்கும் பாருங்க, அதேதாம்மா இது" என்றார். குரலை எழுப்பும் அந்த இரண்டு பட்டைகள்தான் குரல்நாண்கள், மேட்டுக்குப் பெயர் குரல்நாண் முடிச்சு. பயம் கொஞ்சம் போனது. கூடவே, இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிற விஷயத்தை 22 வருடத்தில் ஒரு பயிற்சியில்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. ஆண்களுக்கு அது 100 சொச்சம். இடைவெளியை எல்லாம் கழித்து, ஒரு நாளில் சத்தம் எழும் நேரம் ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் தட்டுக்கு மேல் வருகிறது. குரலை உயர்த்தினால் ஒவ்வொரு தட்டும் பலமாக விழும். நாண்களின் நடுப்பகுதியில்தான் அதிர்வு அதிகம், அங்கேதான் காய்ப்பு விழுகிறது. பெண்களின் குரல்நாண் சிறியது, தட்டும் அதிகம் என்பதால் இந்த முடிச்சு பெண்களுக்கே அதிகம் வருகிறது. தொடக்கப் பள்ளிகளில் யார் அதிகம் வேலை பார்க்கிறோம் என்று உங்கள் பதிவேடுகளே சொல்லும்.

நாங்கள் ஏன் கத்துகிறோம் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு நீளக் கூடம். நடுவே பீரோ வைத்து மறைத்து இரண்டாக்கியிருக்கிறோம். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் கதை கேட்காது. மேலே தகரக் கூரை, கடகடவென்று இரண்டு ஃபேன். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். நூறு வருடத்துக்கு முன்பே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார், அவர் பெயரால்தான் இன்றும் அது அழைக்கப்படுகிறது. பாடம் நடக்கும் வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லியிருக்கிறது. ஃபேன் ஓடும் எங்கள் கூடத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே அது தாண்டிவிடும்.

2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். பாட்டு, கதை, நடிப்பு என்று பிள்ளைகள் முகமே மாறிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டையும் கதையையும் நடிப்பையும் ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் கொடுப்பது ஒரே தொண்டை என்பதை யாராவது கணக்கில் எடுத்தார்களா?

டாக்டர் ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். "வெட்டி எடுத்தாலும் நீங்க பேசற விதம் மாறலைன்னா திரும்ப வரும். ஸ்பீச் தெரபி போங்க." எனக்கு ஆச்சரியம். ஸ்பீச் தெரபி என்றால் பேச்சு வராத குழந்தைகளுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். குரலுக்கும் உண்டு, திக்குவாய்க்கு உண்டு, பக்கவாதத்தில் பேச்சு இழந்தவருக்கு உண்டு என்பது எல்லாம் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டது.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஸ்பீச் தெரபிஸ்ட் சேலத்தில் இருந்தார். ஊரிலிருந்து இரண்டு பஸ், போக மூன்று மணி நேரம். வாரம் ஒரு முறை, குறைந்தது எட்டுப் பத்து வாரம் வர வேண்டும் என்றார். எங்களுக்கு வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். அதில் பத்தை இதற்கே கொடுத்துவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று வரும்போது என்ன செய்வது? இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை, என் நிலைமை புரிந்து அவரே கோவையில் ஆன்லைனில் சிகிச்சை தருகிற ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். மாலை ஏழு மணிக்கு, சமையலை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே. ஒரு முறைக்கு 600 ரூபாய். என் சம்பளத்தில் அதைக் கொடுக்க முடிந்தது. எங்கள் பள்ளிக்கு வரும் தற்காலிக ஆசிரியைக்கு அது முடியாது.

முதல் நாள் போனை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் "ஆ" சொல்லச் சொன்னார் மேடம். சொன்னேன். "டீச்சர், ரெண்டு செகண்ட்ல சத்தம் நின்னுடுச்சே" என்றார். நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். விஷயம் என்னவென்றால், இந்த வீடியோ அழைப்பு ஆப்கள் மாறாமல் நீளும் சத்தத்தை வேண்டாத இரைச்சல் என்று எடுத்து அடக்கிவிடுகின்றன. ஒரே சுருதியில் நீளும் "ஆ"வும் அவற்றுக்கு ஃபேன் சத்தம்தான். செட்டிங்ஸுக்குள் போய் அந்த வடிகட்டியை நிறுத்த வைத்தார். அப்புறம் வாராவாரம் அந்த "ஆ"வைப் போனிலேயே பதிவு செய்து தனியாக அனுப்பச் சொன்னார். அழைப்பில் கேட்பதைவிட அந்தப் பதிவு தெளிவாக இருக்கும். என் முதல் பதிவு 6 நொடி. அதிலும் பாதி வெறும் காற்று.

பயிற்சிகள் எல்லாம் சின்னச் சின்னவைதான். டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா, நுனி இரண்டு விரற்கடை முங்கியிருக்க வேண்டும். "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊத, தண்ணீர் குமிழியிடும். வாய் முனை குறுகலாக இருப்பதால் உள்ளே காற்றழுத்தம் நின்று, குரல்நாண்கள் மோதிக்கொள்ளாமல் மெதுவாகத் தொட்டு அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். அடுத்தது, குழந்தைகள் பஸ் ஓட்டும்போது உதட்டை அதிரவிட்டு "புர்ர்ர்" என்பார்களே, அது. பிறகு "ம்ம்ம்" என்று முனகி, அதிர்வு தொண்டையில் இல்லாமல் உதட்டிலும் மூக்கடியிலும் தெரிகிற வரை தேடுவது. அந்த இடம் பிடிபட்டதும் மா, மணி, மாலை, மல்லி என்று சொற்கள். அப்புறம் "மூணாம் வகுப்பு, நோட்டை எடுங்க." நான் தினமும் பத்துத் தடவை சொல்லும் வாக்கியத்தையே பயிற்சியாக்கிவிட்டார். அதைத் தொண்டை நோகாமல் முதன்முதலில் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலாவது வாரம் அவர் கேட்டதுதான் முக்கியம். "டீச்சர், நீங்க வகுப்பெடுக்கறதைப் பார்க்கணும்." ஹெச்.எம். சாரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகள் தெரியாதபடி போனை என் பக்கம் மட்டும் திருப்பி ஜன்னல் திண்டில் வைத்தேன். இருபது நிமிடம் கோவையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் நான் 14 தடவை தொண்டையைச் செருமியிருக்கிறேன். ஒவ்வொரு செருமலிலும் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குக் கத்துகிறேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு தொடங்கியதும் அதற்கு மேலாக என் குரல் ஏறுகிறது. மூச்சு முடிந்த பிறகும் வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போகிறேன்.

சேலத்து அறையில் எதிரே உட்கார்ந்திருந்தபோது நான் மெதுவாகத்தான் பேசினேன். அங்கே என் தப்பு எதுவும் தெரிந்திருக்காது. எந்த இடத்தில் கெட்டதோ அந்த இடத்திலேயே வைத்துக் குரலைப் பார்க்க முடிந்தது திரை வழியாக என்பதால்தான். ஆன்லைன் சிகிச்சை நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு செய்தவை செலவில்லாதவை. பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்தேன். கவனிக்க வைக்கக் கத்துவதை விட்டு, கைதட்டும் தாளம் ஒன்றைப் பழக்கினேன். நான் இரண்டு தட்டு, அவர்கள் மூன்று தட்டு, அப்புறம் அமைதி. ஹெச்.எம். சார் பக்கம் வாய்ப்பாடு நடக்கும்போது என் பக்கம் எழுத்து வேலை என்று நேரத்தை மாற்றிக்கொண்டோம். தண்ணீர் பாட்டில் மேஜையில். மொத்தம் பத்து வாரம். கடைசிப் பதிவில் என் "ஆ" 16 நொடி, காற்று கலக்காமல். மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு மேடு மறைந்திருந்தது, இன்னொன்று பாதியாகியிருந்தது.

இது என் ஒருத்தி கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2004இல் அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், வாழ்நாளில் என்றாவது குரல் பிரச்சினை வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம். மற்ற வேலை பார்ப்பவர்களில் அது 28.8 சதவீதம். சரிபாதி. போலந்தில் நீண்ட காலம் பாடம் எடுத்தவருக்கு வரும் குரல்நாண் முடிச்சு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஸ்பெயின் 2006இல் சேர்த்தது. நம் நாட்டுச் சட்டத்தின் பட்டியலில் இரைச்சலால் காது கேட்காமல் போவது இருக்கிறது, பேசிப் பேசிக் குரல் போவது இல்லை. ஆன்லைன் விஷயத்துக்கு வந்தால், ஹவாயில் ஓர் ராணுவ மருத்துவமனையில் சிலருக்கு நேரிலும் சிலருக்கு வீடியோ வழியாகவும் ஒரே குரல் சிகிச்சையைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். பலனில் வித்தியாசம் இல்லை என்று 2003இல் வெளியிட்டார்கள். அதாவது நம் கையில் ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே.

சரி, உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். எங்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறையும் இணைய இணைப்பும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆசிரியர் பயிற்சிக்கான வள மையம் இருக்கிறது, அங்கே கதவு சாத்திப் பேச ஓர் அறை நிச்சயம் இருக்கும். 2019இல் தொடங்கிய மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதியைக் கொண்டு வந்தபோது அதை முன்னால் நின்று பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே போகிறது. கை கால் பயிற்சி வாசலுக்கு வரும்போது, குரல் பயிற்சி திரைக்கு வரக் கூடாதா? மைசூருவில் 1965 முதல் இருக்கும் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் தொலைவழிச் சிகிச்சைக்குத் தனி மையமே நடத்துகிறது. தருமபுரிக்கு மைசூரு ரொம்ப தூரமும் இல்லை, கற்றுக்கொள்ள.

நான் கேட்பது இதுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்களுக்கு வாரத்தில் சில மாலை நேரங்களை ஆன்லைன் சிகிச்சைக்கென்றே ஒதுக்குங்கள். அவர்கள் போதவில்லை என்றால் (போதாது என்றுதான் நினைக்கிறேன்) கூடுதலாக நியமியுங்கள். ஆசிரியர் மட்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் அதில் பதிவு செய்யலாம் என்று வையுங்கள். பஸ் கண்டக்டர், சந்தையில் கூவி விற்பவர், கோயிலில் ஓதுவார், எல்லோரும் தொண்டையை நம்பி இருப்பவர்கள்தான். ஆசிரியர்களுக்கு அந்த நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறீர்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் அதில் பணம் வரும். ஆபரேஷனுக்குக் கிடைக்கும், ஆபரேஷன் தேவைப்படாமல் செய்யும் பயிற்சிக்குக் கிடைக்காது. அதை மாற்றுங்கள். டாக்டர் குரலுக்கு ஓய்வு என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும்படி அலுவலகங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் இருக்கும் பள்ளிகளுக்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் குரலைப் பற்றி இரண்டு வகுப்பு. அவர்களுடைய குரல் இன்னும் கெடவில்லை, அங்கே தொடங்குவதுதான் சுலபம்.

ஆன்லைனால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். குரல்நாணைத் திரை வழியாகப் பார்க்க முடியாது. கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் யாராக இருந்தாலும் முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் நேரில் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். புகை பிடிப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் தொண்டைப் புற்றும் கரகரப்பாகத் தொடங்கலாம். அதனால் பரிசோதனை நேரில், பயிற்சி திரையில் என்று முறைப்படுத்த வேண்டும். மலையோரப் பள்ளிகளில் சிக்னல் கிடைக்காது, அவர்களுக்குத்தான் வள மையத்து அறை. வீட்டில் ஒரு தனி அறையில் உட்கார்ந்து "ஊ" "ஆ" என்று சத்தம் போட எல்லாப் பெண்களாலும் முடிவதில்லை. என் வீட்டில் முதல் வாரம் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பழகாத வீடுகளும் இருக்கின்றன.

இன்னொன்றும் உங்கள் கவனத்துக்கு வர வேண்டும். போனைத் திறந்தால் ஏழு நாளில் கம்பீரக் குரல், பத்து நாளில் பேச்சுத் திறமை என்று விளம்பரம் கொட்டுகிறது. எங்கள் வட்டாரத்து இளம் ஆசிரியர் ஒருவர் அப்படி ஒன்றில் பணம் கட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார்கள் என்று கத்தி, இருந்த குரலையும் கெடுத்துக்கொண்டார். மேடையில் பேசப் பழக்குவது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெட்டுப்போன குரலைத் தொடுகிறவர் படித்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் ஸ்பீச் தெரபிஸ்ட்கள் பதிவு செய்திருப்பார்கள், பதிவு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அரசே பதிவு பெற்றவர்களின் பட்டியல் ஒன்றை ஆசிரியர்களுக்கு அனுப்பினால் இந்த ஏமாற்றில் பாதி நின்றுவிடும்.

முடிப்பதற்கு முன் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாலாவது வாரத்துக்கு அடுத்த சந்திப்பில் மேடம் கேட்டார், "பின்னால ஒரு பையன் 'க' 'க' 'க'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டானே, யார் அவன்?" முகம் தெரியவில்லை, குரலை மட்டும் கேட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பையன். பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டான். கூச்ச சுபாவம் என்று நாலு வருடமாக நானும் நினைத்திருந்தேன். சில சமயம், அவன் திணறும்போது உதவுவதாக நினைத்து வார்த்தையை நானே முடித்துவிடுவேன். அதைத்தான் செய்யக் கூடாது என்றார் மேடம். காத்திருங்கள், அவன் கண்ணைப் பாருங்கள், வார்த்தையை அவனே முடிக்கட்டும். நான் மெதுவாகப் பேசினால் அவனுக்கும் அவசரம் குறையும். என் குரலுக்காக நான் ஏற்கெனவே மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தேன். அவனும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறான். திக்கல் போகவில்லை, திக்கிக்கொண்டே பேசுகிறான். போன மாதம் தன் அப்பாவின் தக்காளித் தோட்டத்தைப் பற்றி மூன்று நிமிடம் வகுப்பின் முன்னால் நின்று சொன்னான். நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

அவனை, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லி அவன் அம்மாவிடம் பேசினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வந்தார். வாராவாரம் வரச் சொன்னார்கள், அவரால் முடியவில்லை. ஆசிரியருக்காக நீங்கள் போடுகிற அதே இணைப்பில், அதே வள மையத்து அறையில், சாயங்காலம் அரை மணி நேரம் இவனும் உட்காரலாம்.

ஏப்ரல் 16 உலகக் குரல் தினம். 1999இல் பிரேசிலில் தொடங்கி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்த நாளுக்குள் ஒரே ஒரு வட்டாரத்தில் இதை முயன்று பாருங்கள். எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் விசாரித்தேன். வந்திருந்த 26 ஆசிரியர்களில் 11 பேர் இப்போதே கரகரப்போடு இருக்கிறார்கள். அவர்களின் சம்மதத்தோடு பெயர்ப் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்து இடைநிலை ஆசிரியை ஒருவர்